அழகாக இருக்கிறாள்: ஒரு இலக்கணக் குழப்பத்தின் வரலாறு

"ஷீ ஈஸ் பியூட்டிஃபுல்லி."

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் சேரும் ஒரு மாணவர் இப்படி எழுதினால் வகுப்பே சிரிக்கும். ஆனால் அவர் லாஜிக்கில் தப்பே இல்லை! 'அழகான' என்றால் அட்ஜெக்டிவ், 'அழகாக' என்றால் அட்வெர்ப் என்றுதானே பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? 'அவள் அழகாக இருக்கிறாள்' என்பதை அந்த விதிப்படி மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல.

தொல்காப்பியம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகப் பிரித்தது. இதில் அட்ஜெக்டிவும் இல்லை, அட்வெர்பும் இல்லை. உரிச்சொல்தான் அது என்று சிலர் நினைப்பதுண்டு. ஆனால் 'நனி', 'தவ' போன்ற உரிச்சொற்கள் பெயரோடும் வரும், வினையோடும் வரும். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரும் இதே நான்கு வகையைத்தான் வைத்துக்கொண்டார். 'நல்ல', 'பெரிய' எல்லாம் இலக்கணத்தில் குறிப்புப் பெயரெச்சம். அதாவது வினையின் குடும்பம்!

மேற்கே கதை நேர் எதிர். கிரேக்கத்தில் டயோனிசியஸ் திராக்ஸ் பெயரால் வழங்கும் நூல் சொற்களை எட்டாகப் பிரித்தது. அங்கே அட்வெர்புக்குத் தனி இடம் உண்டு, அட்ஜெக்டிவுக்கு இல்லை. அது பெயர்ச்சொல்லுக்குள் அடங்கியிருந்தது. லத்தீனும் அப்படியே. ஆங்கிலத்தில் 1761ல் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதிய இலக்கணம் பார்ட்டிசிப்பிளை எட்டிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தை அட்ஜெக்டிவுக்குக் கொடுத்தது. (ஆமாம், கெமிஸ்ட்ரி புத்தகத்தில் ஆக்சிஜன் பாடத்தில் வருகிற அதே பிரீஸ்ட்லிதான்.)

இந்த இரண்டு மரபுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் கால்டுவெல். 1841 முதல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 1856ல் வந்த தன் ஒப்பிலக்கண நூலில், திராவிட மொழிகளில் அடைமொழியாக வருபவை பெரும்பாலும் பண்புப் பெயர்கள் அல்லது பெயரெச்சங்கள் என்று அவர் விளக்கினார். பெயரடை, வினையடை என்று இப்போது பாடப்புத்தகங்களில் படிப்பது மேற்கத்திய பிரிவைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்ததன் விளைவு.

சரி, 'அழகாக' ஏன் ஏமாற்றுகிறது? 'அழகு' பெயர்ச்சொல். 'ஆன', 'ஆக' இரண்டும் 'ஆகு' என்ற ஒரே வினையிலிருந்து வந்தவை. 'ஆன' பெயரைத் தேடும், 'ஆக' வினையைத் தேடும். தமிழுக்கு 'இருக்கிறாள்' என்பதும் 'பாடினாள்' போல ஒரு வினைதான். அதனால் இரண்டுக்கும் முன்னால் 'அழகாக' என்றே வரும். ஆங்கிலம் அப்படிப் பார்ப்பதில்லை. 'ஈஸ்' வெறும் பாலம், அதற்குப் பின்னால் வரும் சொல் 'ஷீ'யைப் பற்றிச் சொல்கிறது. எனவே அட்ஜெக்டிவ்: 'பியூட்டிஃபுல்'. 'பாடினாள்' என்றால் எப்படிப் பாடினாள் என்ற கேள்வி வருகிறது, அப்போதுதான் 'பியூட்டிஃபுல்லி'. 'நன்றாக இருக்கிறது', 'சோகமாக இருக்கிறான்', 'சூடாக இருக்கிறது' எல்லாவற்றுக்கும் இதே கதை.

'லி'யை மட்டும் நம்பினாலும் ஆபத்து. 'ஃப்ரெண்ட்லி' அட்ஜெக்டிவ். 'ஃபாஸ்ட்' இரண்டு வேலையும் பார்க்கும். தமிழில் 'வேகமான பஸ்', 'பஸ் வேகமாகப் போகிறது' என்று உருவத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.