சேணக்காரர் தையலும் திரைநடிகையர் பெயரும்



ஒரு பொருளுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? மூலப்பொருளிலிருந்தா, அதனைச் செய்தவனின் உழைப்பிலிருந்தா, அன்றி அதனை முன்னொரு நாள் கையிலேந்திய ஒருவரின் புகழிலிருந்தா? பொருளியலறிஞர் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் இவ்வினாவுக்கு விடை தேட, மேனாட்டுப் பெண்மணிகளின் தோற்கைப்பை நல்லதோர் உதாரணமாகும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே திரைப்படம் சில கைப்பைகளுக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. அவ்வகைப் பைகள் இன்று பழம்பொருட் சந்தையிலே கைமாறுகின்றன. அவற்றின் வரலாற்றை அறிந்தவன் ஏமாறுவது அரிது. அறியாதவன் ஏமாறாதிருப்பது அதனினும் அரிது.

இவ்வரலாறு குதிரை லாயத்திலே தொடங்குகிறது. 1837ஆம் ஆண்டில் தியெரி ஏர்மெஸ் என்பவர் பாரிஸ் நகரிலே குதிரைக்குரிய வார்களும் கடிவாளங்களும் செய்யும் பட்டறையொன்றை நிறுவினார். 1880ஆம் ஆண்டில் அவருடைய மகன் பட்டறையைப் போபூர் சென்ட் ஒனோறே வீதிக்கு மாற்றிச் சேணங்களையும் செய்யத் தொடங்கினார். 1900ஆம் ஆண்டளவில், குதிரைச் சவாரி செய்வோர் தம் சேணத்தையும் சப்பாத்தையும் இட்டுச் செல்வதற்கென உயரமான தோற்பையொன்று அங்கே உருவாயிற்று. பின்னர் மோட்டார் வண்டி வந்தது. வீதிகளிலே குதிரைகள் குறையச் சேணக்காரருக்கும் வேலை குறைந்தது. அந்நிலையிலே அப்பட்டறையினர் தமக்குத் தெரிந்த தோல் வேலையைக் கைவிட்டுவிடவில்லை. பிரயாணிகளின் பைகளுக்கும் பெட்டிகளுக்கும் அதனைப் பயன்படுத்தினர். 1930ஆம் ஆண்டுகளிலே எமில் ஏர்மெஸின் மருமகனாகிய றொபேர் டுமா, பெண்களுக்கென ஒரு கைப்பையை வடிவமைத்தார். அடி அகன்று மேல் ஒடுங்கிய தோற்றமும், முன்புறத்தே இரு வார்களும், சிறிய பூட்டும் உடையது அது. அன்று அதற்கு எந்த நடிகையின் பெயரும் இல்லை.

இனித் திரைப்படத்தின் பக்கம் திரும்புவோம். 1954ஆம் ஆண்டில் அல்பிறெட் ஹிச்கொக் நெறிப்படுத்திய ‘றியர் விண்டோ’ என்னும் படம் வெளிவந்தது. கால் முறிந்து அறையிலே முடங்கிக் கிடக்கும் புகைப்படக்காரனுக்கு, அவனை நேசிக்கும் செல்வச் சீமாட்டி தன் ஊர்சுற்றும் வாழ்க்கைக்குப் பொருந்த மாட்டாள் என்பது எண்ணம். ஒரேயொரு பெட்டியுடன் நாடு நாடாகத் திரிய அவளால் இயலாது என்கிறான். ஒரு மாலை அவள் சின்னஞ்சிறு கறுப்புத் தோற்பெட்டியொன்றுடன் வந்து அதனைத் திறந்து காட்டுகிறாள். இரவுடையும் பாதணியும் அதற்குள்ளே அடங்கிக் கிடக்கின்றன. நீண்ட விவாதத்தாற் கூற முடியாததை அப்பெட்டி ஒரு கணத்திலே கூறிவிடுகிறது. அது மார்க் குறொஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் பெட்டி. அதனைத் திறந்த நடிகை கிறேஸ் கெலி.

அடுத்த ஆண்டு வெளியான ‘டு கச் எ தீவ்’ என்னும் படத்தையும் ஹிச்கொக்கே எடுத்தார். அதன் உடையலங்காரத்தை ஏற்ற எடித் ஹெட் அம்மையார், படத்துக்கு வேண்டிய அணிபொருள்களை ஏர்மெஸ் கடையிலே வாங்கினார். அத்தொடர்பினாலேயே அந்நிறுவனத்தின் பைமீது கிறேஸ் கெலிக்கு விருப்பம் உண்டாயிற்று என்பர். 1956ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே அவர் மொனாக்கோ நாட்டின் இளவரசர் றெனியேயை மணந்தார். அவ்வாண்டிலேயே, தாய்மையுற்றிருந்த அவர் புகைப்படக்காரரின் பார்வையிலிருந்து தம் வயிற்றை அப்பையினால் மறைத்துக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. கைப்பையை ஏந்திய அவரது படங்கள் சஞ்சிகைகள் மூலம் பரவின. கடைக்குச் சென்றவர்கள் ‘கெலியின் பை’ என்று கேட்டு வாங்கினர். மக்கள் வழங்கிய அப்பெயரை நிறுவனம் முறைப்படி ஏற்றுக்கொண்டது 1977ஆம் ஆண்டிலேதான். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வேறு பெயரில் வாழ்ந்த ஒரு பொருள், இவ்வாறு ஒரு நடிகையின் பெயரைத் தன் பெயராகப் பெற்றது.

இத்தாலியிலும் இத்தகைய நிகழ்ச்சியொன்று உண்டு. லண்டன் சவோய் ஹோட்டலிலே பிரயாணிகளின் பெட்டிகளைப் பார்த்துப் பழகிய குச்சியோ குச்சி என்பவர், 1921ஆம் ஆண்டில் புளோறன்ஸ் நகரிலே தோற்பொருட் கடையொன்றைத் திறந்தார். இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின் மூலப்பொருள்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது அவருடைய தொழிலாளர் மூங்கிலை நெருப்பிலே வாட்டி வளைத்துக் கைப்பிடியாக்கினர். அம்மூங்கிற் கைப்பிடிப் பை 1947ஆம் ஆண்டுக்குரியது. 1954ஆம் ஆண்டில் றொசெலீனி எடுத்த ‘இத்தாலியப் பயணம்’ என்னும் படத்திலே இங்கிறிட் பேர்க்மன் அதனை ஏந்தி வந்தார். பஞ்சத்திற் பிறந்த யுக்தி, திரையிலே தோன்றியபின் செல்வத்தின் சின்னமாயிற்று.

மூன்றாவது கதை பிற்காலத்தது. ஆங்கிலேய நடிகையும் பாடகியுமான ஜேன் பேர்கின் பிரம்புக் கூடையொன்றையே எங்கும் கொண்டு திரிந்தவர். ஆகாய விமானத்திலே தம் அருகில் அமர்ந்திருந்த ஏர்மெஸ் நிறுவனத் தலைவர் ஜான் லுயி டுமாவிடம், தாய்மாருக்குப் போதிய அளவான பை கிடைப்பதில்லை என்று குறைப்பட்டார். அவ்வுரையாடலின் பயனாக 1984ஆம் ஆண்டில் அவர் பெயராலேயே ஒரு பை தோன்றியது. அவருக்கென முதன்முதலாகச் செய்யப்பட்ட பையை அவர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பாவித்து, 1994ஆம் ஆண்டில் எயிட்ஸ் நோய்க்கெதிரான தருமப் பணிக்காக ஏலத்திற்குக் கொடுத்தார். 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே பாரிஸில் நடந்த ஏலத்தில் அதே பை ஏறத்தாழ 86 இலட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. கீறலும் கறையும் ஒட்டுத்தாள்களின் தடமும் படிந்த, நன்றாக உழைத்துத் தேய்ந்த பை அது. புதிய பைக்குத் தேய்வு குறையாகும். இதற்கோ தேய்வே சான்றாயிற்று.

நேயர்களே, ஏனைய பழம்பைகளின் சந்தைக்கு வருவோம். பாவித்த பொருள் புதியதைவிட மலிவாயிருத்தல் உலக வழக்கு. ஆனால் இவ்விரு பைகளைப் பொறுத்த மட்டில் அவ்வழக்கு பல வேளைகளிலே தலைகீழாகிறது. காரணம் எளியது. ஒரு பையைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே கைவினைஞரே தைக்கிறார். ஆதலாற் செய்யப்படுவன குறைவு, கேட்பவர் அதிகம். கையிற் பணத்துடன் கடைக்குச் சென்றாலும் நினைத்தவுடன் வாங்கல் இயலாது. காத்திருக்க மனமில்லாதவர் முன்னொருவர் வாங்கியதையே கூடிய விலைக்கு வாங்குகின்றனர். விலை கூடிய இடத்திலே போலியும் வந்து புகுகின்றது.

போலியை இனங்காண விரும்புபவர் முதலிற் பார்க்க வேண்டியது தையலை. சேணத்தையல் என்பது மெழுகிட்ட லினன் நூலொன்றின் இரு நுனிகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு ஊசிகளையும் எதிரெதிர்த் திசையிற் செலுத்தித் தைப்பது. ஓரிடத்திலே நூல் அறுந்தாலும் ஏனைய தையல்கள் பிடிவிடா. பாய்ந்தோடும் குதிரையின்மீது அமர்ந்தவனின் உயிர் அத்தையலைச் சார்ந்திருந்தமையால் எழுந்த முறை அது. இத்தையல் சற்றே சாய்ந்து காணப்படும். இயந்திரத் தையலோ ஒரே நேர்கோடாய் ஓடும். எனினும் கையாலேயே தைக்கும் போலிக்காரரும் இந்நாளில் உளராதலின், இச்சோதனை ஒன்றுமே போதாது.

அடுத்தது ஆண்டைக் குறிக்கும் எழுத்து. ஏர்மெஸ் பட்டறையிலே 1945ஆம் ஆண்டுக்கு ‘ஏ’ எனத் தொடங்கி, 1970ஆம் ஆண்டின் ‘இஸட்’ வரை ஆங்கில எழுத்துக்கள் தனியாகப் பொறிக்கப்பட்டன. 1971 முதல் 1996 வரை அவ்வெழுத்துக்கள் வட்டத்துள்ளும், 1997 முதல் 2014 வரை சதுரத்துள்ளும் அமைந்தன. எனவே கிறேஸ் கெலியின் திருமண ஆண்டுக்குரியது என்று காட்டப்படும் பையிலே எழுத்து இருப்பின் அது தனித்த ‘எல்’ ஆதல் வேண்டும். வட்டத்துள் அமைந்த எழுத்தைக் கண்டால், பை உண்மையானதாக இருப்பினும் விற்பவனின் கதை பொய்யென்று துணியலாம். பூட்டிலுள்ள இலக்கமும் சாவியிலுள்ள இலக்கமும் ஒத்திருக்கின்றனவா என்பதையும் நோக்குதல் நன்று.

வாங்குபவனின் பொறுப்பு இவ்வளவில் முடிவதன்று. பாரிஸிலே 1951ஆம் ஆண்டு தொடக்கம் போலிப்பொருள்களுக்கென்றே ஒரு நூதனசாலை இருக்கிறது. பிரான்சிலே போலிப்பொருளைச் செய்தலும் விற்றலும் மாத்திரமன்றி, அதனை வைத்திருத்தலும் சுங்கச் சட்டப்படி குற்றமாகும். முதலைத் தோற் பைகளுக்கு வேறொரு கட்டுப்பாடும் உண்டு. அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் வாணிபம் பற்றிய உடன்படிக்கை 1973ஆம் ஆண்டில் வாஷிங்டனிலே செய்யப்பட்டு, 1975ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. எத்தனை பேர் கைமாறிய பழம்பையாயினும், வாணிபத்துக்காக எல்லை கடக்கும்போது அதற்கு உரிய அனுமதிப் பத்திரம் வேண்டும். 2015ஆம் ஆண்டில், முதலைகள் வதைக்கப்படும் விதம் பற்றிய செய்தியைக் கேள்வியுற்ற ஜேன் பேர்கின், முதலைத் தோலாற் செய்த பையிலிருந்து தம் பெயரை நீக்குமாறு கேட்டார். நிறுவனம் அளித்த உறுதிமொழியின் பின்னரே அவர் அமைதியடைந்தார். பெயரைக் கொடுத்தவர் அப்பெயருக்குரிய பொறுப்பையும் உணர்ந்த சந்தர்ப்பம் அது.

தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு இனி ஓரளவு விடை கூறலாம். இப்பைகளின் விலையை உயர்த்தியது நடிகையரின் பெயர். ஆனால் அறுபது எழுபது ஆண்டுகள் கழிந்தும் அவை கைமாறத்தக்க நிலையிலிருப்பது தையற்காரரின் திறமையினாலே. பெயரை மாத்திரம் விரும்பி வாங்குபவனைப் போலிக்காரன் எளிதில் வென்றுவிடுவான்; பெயரைப் பொறிப்பது எவருக்கும் இயலுமன்றோ? கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்வாறு விசாரிக்கப் புகுந்து, ஆண்டெழுத்தைத் தேடி வாரின் உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பவன், அதனருகே மற்றுமொரு சிறு குறியையும் காணக்கூடும். அது அப்பையைத் தைத்த கைவினைஞரின் அடையாளம். திரைப்படம் அவரைக் காட்டவில்லை. சஞ்சிகைகள் அவரைப் பற்றி எழுதவில்லை. பழைய பையொன்றைப் பொறுமையோடு ஆராய்ந்து வாங்குபவன் ஒருவனே அவர் வேலையை உள்ளவாறு அறிந்து, அதற்குரிய விலையைக் கொடுக்கின்றான்.