பேரேட்டில் ஏறாத சாவுகள்

சயாமின் பான்போங்கையும் பர்மாவின் தன்பியூசயாத்தையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில்பாதையை ஜப்பானிய ராணுவம் 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. அங்கே வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். மாண்டவர்கள் 12,000க்கும் அதிகம். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் அவர்களில் ஏறக்குறைய 7,000 பேர் கிடக்கிறார்கள். அதே பாதையில் மண் வெட்டிய ஆசியக் கூலிகள் இரண்டு லட்சம் அளவில் இருந்திருக்கலாம். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், மலாயா ரப்பர் தோட்டத் தமிழர் என்று பல இனத்தார். இவர்களில் செத்தவர் எத்தனை பேர் என்று கேட்டால், மதிப்பீடுகள் பல்லாயிரக்கணக்கில் வேறுபடுகின்றன. கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். தினசரி ஆள்கணக்கு எடுப்பது ராணுவப் பழக்கம், ஒளித்து வைத்தாவது நாட்குறிப்பு எழுதினார்கள். தோட்டத்துக் கூலிக்கோ, லயம் எனும் தோட்டக் குடியிருப்பை விட்டுக் கிளம்பிய பிறகு பெயர் எழுதக் கிராணி எனும் எழுத்தர்கூட இல்லை. ஆக, வாய்மொழி வரலாறு ஆவணத்துக்குத் துணை என்ற வழக்கமான பேச்சு இங்கே பொருந்தாது. சேர்ந்துகொள்ள ஆவணம் இருந்தால்தானே அது துணை?

தப்பி வந்தவர்களின் பேச்சில்தான் ஆள்பிடிப்பே தெரிகிறது. சில மாத வேலை, நல்ல கூலி என்ற வாக்கு. அது பலிக்காத இடத்தில் தெருவிலேயே மடக்கிப் பிடித்தது. இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிக் கதவைச் சாத்தியதாகச் சொன்னவர்களும் உண்டு. 1943 மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாகப் பரவியது கைதிகளின் குறிப்பிலும் இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் விட்டுவந்த பெண்டாட்டி பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதை எந்தக் கைதியும் எழுதியிருக்க முடியாது.

வயதானவர் நினைவை நம்பலாமா என்பது நியாயமான கேள்வி. ஆண்டு மாறும், ஊர் மாறும். இந்தப் பாதையைக் களமாகக் கொண்டு 1957இல் வந்த குவாய் நதிப் பாலம் படம் போன்றவை நினைவுக்குள் புகுந்துகொள்ளவும் கூடும். இதற்கு இத்தாலிய ஆய்வாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லியின் வேலை நல்ல பதில். தெர்னி என்ற எஃகாலை நகரில் லூயிஜி திராஸ்துல்லி என்ற தொழிலாளி 1949இல் நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தில் போலீஸ் கையில் இறந்தார். ஊர்க்காரர்கள் பலரோ, 1953இல் ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டத்தில் இறந்ததாகவே சொன்னார்கள். தேதிக்கு அந்தப் பேச்சு உதவாது. ஆனால் வேலை போனதுதான் அவர்களுக்குப் பெரிய காயம் என்பதை வேறெதுவும் அவ்வளவு தெளிவாகக் காட்டாது. ஆகவே தேதியையும் தொகையையும் காகிதத்தோடு ஒப்பிட வேண்டும். ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே செய்தியைச் சொன்னால் அதற்குத் தனி எடை தரலாம். காகிதமும் குற்றமற்றதல்ல. சரணடைந்தபோது ஜப்பானியர் தங்கள் பதிவுகளில் ஏராளமானவற்றை எரித்தார்கள்.

பதில் சொல்ல முடியாத ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. பிழைத்தவர் மட்டுமே பேசுகிறார். உடல் உறுதியோ அதிர்ஷ்டமோ கைகொடுத்தவரின் அனுபவத்தை எல்லோருடைய அனுபவமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்பவரின் கேள்வியும் பதிலை வளைக்கும் என்பதால் கேள்வியோடு சேர்த்தே ஒலிப்பதிவைக் காக்க வேண்டும். சுருக்கி எழுதிய குறிப்பு போதாது. சிங்கப்பூர் 1979லேயே வாய்மொழி வரலாற்றுக்கென அரசுப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, ஜப்பான்காரன் காலத்தை அனுபவித்தவர்களைப் பேசவைத்துப் பதிந்தது. போரில் இளைஞராக இருந்தவர் அப்போது அறுபதை ஒட்டிய வயதினர். மலாயாத் தோட்டத் தமிழரைப் பொறுத்தவரை அத்தகைய முயற்சி பெரும்பாலும் தாமதமாகவும் தனியார் ஆர்வத்தாலும் நடந்தது.

1943இல் இருபது வயதானவர் இன்று இருந்தால் நூறைத் தாண்டியிருப்பார். இனிக் கிடைப்பது பிள்ளைகளின் பேச்சு. அதை முகாமுக்குச் சாட்சியாக வைப்பது தவறு, அவர்கள் அங்கே இல்லை. தோட்டத்துக்கு மட்டும் அவர்களே நேர்ச்சாட்சி. அப்பா போன பிறகு யார் பால் வெட்டினார்கள், மரவள்ளிக்கிழங்கை வைத்து எத்தனை நாள் ஓட்டினார்கள், திரும்பி வராதவரின் லயத்து வீடு யாருக்குப் போனது, அம்மா எப்போது தாலியைக் கழற்றினாள் என்று அவர்களிடம் இன்னும் கேட்கலாம்.