காமா கேட்ட தீர்க்கதரிசனம்

வெள்ளவத்தையில் காலி வீதி பஸ்ஸைப் பிடித்தால் பெயர்ப்பலகையில் ‘புறக்கோட்டை’ என்றிருக்கும். கோட்டைக்கு வெளியே இருந்த பகுதி என்று பொருள். கோட்டைச் சுவரை ஆங்கிலேயர் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் எஞ்சியது. அந்த இடத்தில் ஒரு கோட்டை எழும் என்று வாஸ்கோ ட காமாவுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டதாக ஒரு காவியம் கூறுகிறது. அதை எழுதியவர் லூயிஷ் த கமோயிஷ். காமா 1524 டிசம்பரில் கொச்சியில் இறந்தார். கமோயிஷ் பிறந்ததும் ஏறக்குறைய அதே ஆண்டில்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இந்த இருவரும் 1572இல் வெளிவந்த ‘லூசியாடஸ்’ காவியத்தில் கூட்டாளிகள் ஆகிறார்கள். அதன் பத்தாம் காண்டத்தில், ஊர் திரும்பும் காமாவுக்கு ஒரு தீவில் விருந்து நடக்கிறது. கொழும்பின் கோபுரத்தில் போர்த்துக்கேயக் கொடி ஏறப்போகிறது என்று அங்கே ஒரு நீரரமகள் பாடுகிறாள். காமாவுக்கு அது எதிர்காலம், கமோயிஷுக்கோ பழங்கதை. போர்த்துக்கேய ஆளுநர் லோப்போ சோரெஸ் 1518இல் கொழும்பில் கோட்டை கட்டியதைத்தான் அவர் ஆரூடமாக மாற்றி வைத்தார்.

இது காவிய மரபுதானே, வெர்ஜில் செய்யாததா, நம் புராணங்களும் நடந்ததை ‘நடக்கும்’ என்று பாடவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வெர்ஜிலின் ஈனியாஸ் தொல்கதை மனிதன். காமாவோ அரை நூற்றாண்டுக்கு முன் மறைந்தவர். அவர் திறந்த கடல்வழியில் ஆட்சி அப்போதும் நடந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் ஆரூடம் அலங்காரமாக மட்டும் நிற்பதில்லை, பிடித்த மண்ணுக்கு உறுதிப் பத்திரமாகிறது. நடந்ததோ வேறு. கோட்டை கட்டி ஆறே ஆண்டில், 1524இல், லிஸ்பனின் உத்தரவுப்படி பறங்கியரே அதைக் கைவிட்டு இடித்தார்கள். காமா வைஸ்ராயாக இந்தியா வந்ததும் அதே ஆண்டுதான். நீரரமகளின் பாட்டில் இந்த இடிப்பு இல்லை. கோட்டே மன்னன் தர்மபாலன் கொழும்பில் பறங்கியரை அண்டி வாழ்ந்த 1572இல் வாசித்தவர்களுக்கு, எல்லாம் ஆதியிலேயே விதித்தபடி நடந்ததாகத் தோன்றியிருக்கும்.

கொழும்பிலிருந்து அதிக தூரமில்லாத கோட்டேயிலும் காலத்தை வளைத்த கதை ஒன்று உண்டு. முதலில் வந்த பறங்கித் தூதரை, தலைநகர் வெகுதொலைவில் இருப்பதாக நம்பவைக்க, மூன்று நாள் காடும் மேடும் சுற்றி அழைத்துப் போனார்களாம். சுற்றிவளைத்துப் போவதற்குச் சிங்களத்தில் ‘பறங்கி கோட்டேக்குப் போனது போல’ என்பது இன்றும் வழக்கு. இதுவும் பின்னால் புனைந்ததாக இருக்கலாம் என்பார்கள். இருக்கட்டும். ஆளப்பட்டவர்கள் தங்கள் தோல்வியை விதி என்று ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்கு அதுவே சான்று. ஒரு சில மணி நேர நடையை மூன்று நாளாக்கிய அந்தக் கதை, கமோயிஷின் ஆரூடத்தைவிட நேர்மையானது என்பேன். வந்தவனுக்கு வழி தெரியாது என்பதையாவது அது மறைக்கவில்லை.

நீரரமகள் பாடிய கொடியும் நிலைக்கவில்லை: பறங்கியர் மறுபடி கட்டி ஆண்ட கொழும்பை 1656இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள்.