பால்வாடி என்றால் சோறு மட்டும்தானா? அங்கன்வாடியில் குழந்தைக்கு என்னென்ன கிடைக்கும்?

திருச்சி புத்தூரில் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் அம்மாக்களுக்கு ஜூன் மாதம் நெருங்கினால் ஒரு கேள்வி வந்துவிடும். மூணு வயசுப் பிள்ளையைக் கடன் வாங்கியாவது தனியார் எல்.கே.ஜி.யில் சேர்ப்பதா, தெருமுனை பால்வாடியில் விடுவதா? "அங்க சோறு போட்டுத் தூங்க வைப்பாங்க, அவ்வளவுதான்" என்ற பேச்சும் கூடவே வரும். அது எந்த அளவுக்கு உண்மை?

பால்வாடியும் அங்கன்வாடியும் ஒன்றா?

மக்கள் பேச்சில் பால்வாடி, அரசு ஏட்டில் அங்கன்வாடி அல்லது குழந்தைகள் மையம். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 இடங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. கட்டணம் எதுவும் கிடையாது.

திருச்சிக்கு என்ன தொடர்பு?

முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1 அன்று தொடங்கி வைத்தது திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில்தான். முதலில் கிராமங்களில், 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு மையங்களிலும், 5 முதல் 9 வயது வரை பள்ளிகளிலும் சாப்பாடு போடப்பட்டது. புத்தூர் போன்ற நகரப் பகுதிகளுக்கு அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. "பால்வாடின்னா சோறு" என்ற எண்ணம் மக்கள் மனதில் பதிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

என்னென்ன சேவைகள்?

மொத்தம் ஆறு:

1. கூடுதல் ஊட்டச்சத்து. 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு, வாரத்தில் மூன்று நாள் முட்டை. அதைவிடச் சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மாருக்கும் சத்துமாவு.
2. முன்பருவக் கல்வி. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டப்படி பாட்டு, கதை, நிறம், எண், விளையாட்டு.
3. தடுப்பூசி.
4. எடை, உயரம் பார்ப்பது உள்ளிட்ட உடல்நலப் பரிசோதனை.
5. பிரச்சினை இருந்தால் மருத்துவமனைக்குப் பரிந்துரை.
6. தாய்மாருக்கு ஊட்டச்சத்து ஆலோசனை.

இதெல்லாம் சட்டப்படி உரிமையா?

இங்கேதான் சிக்கல். 2013-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 6 மாதம் முதல் 6 வயது வரை அங்கன்வாடி உணவு குழந்தையின் உரிமை. ஆனால் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு கல்வி ஏற்பாடு 'செய்யலாம்' என்றுதான் சட்டம் சொல்கிறது, 'செய்தே ஆக வேண்டும்' என்று சொல்லவில்லை. அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவும் 6 வயது வரையிலான கல்வியை அரசு முயல வேண்டிய இலக்காகத்தான் வைத்திருக்கிறது. சோறு வரவில்லை என்றால் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். பாடம் நடக்கவில்லை என்றால் அந்தப் பிடி இல்லை.

பாடம் ஏன் பின்னுக்குப் போகிறது?

பொதுவாக ஒரு மையத்துக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். எடை போடுவது, பதிவேடு எழுதுவது, செல்போன் செயலியில் பதிவது, வீடு வீடாகப் போவது, பாடம் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அந்தப் பணியாளர் தலையில்தான். இடமாறுதல், காலிப் பணியிடம் என்று வந்தால் ஒருவரே இரண்டு மையங்களைப் பார்க்க வேண்டிய நிலையும் உண்டு.

கூடுதலாக ஒரு ஆள் இருந்தால்? பொருளாதார நிபுணர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் தமிழ்நாட்டில் 320 மையங்களில் இதைச் சோதித்தார்கள். குலுக்கல் முறையில் தேர்வான மையங்களில் மட்டும், பாடத்துக்கென்றே அரைநாள் வேலைக்கு ஒருவர் நியமிக்கப்பட்டார். அங்கே பாடம் நடக்கும் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதத்தில் பிள்ளைகளின் கணக்கு, மொழித் திறன் உயர்ந்தது. பழைய பணியாளருக்குக் கை ஓய்ந்ததால் ஊட்டச்சத்து வேலையும் சரியாக நடந்து, வளர்ச்சிக் குறைவும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தன.

அரசு எல்.கே.ஜி. என்ன ஆனது?

2019 ஜனவரியில் நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது. 2022-ல் அந்த வகுப்புகளை நிறுத்தும் முடிவுக்கு எதிர்ப்பு கிளம்பவே, தொடரும் என்று அரசு அறிவித்தது. அப்போதும் முக்கியமான கேள்வி, யார் பாடம் எடுப்பது என்பதுதான்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

• பிள்ளையின் எடை, உயரத்தை மாதாமாதம் கேளுங்கள். வளர்ச்சி அட்டையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.
• இந்த மாதம் என்ன பாடம் என்று கேளுங்கள். கேட்கிற பெற்றோர் இருந்தால்தான் பாடத்துக்கும் நேரம் ஒதுங்கும்.
• குறை இருந்தால் வட்டார குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.
• பக்கத்தில் மையமே இல்லையா? 6 வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள கிராமமோ குடிசைப் பகுதியோ கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது.

ஆக, பால்வாடியில் பாடமும் உண்டு. அது தினமும் நடக்க வேண்டுமென்றால், அந்த ஒற்றைப் பணியாளருக்குக் கூட ஒரு கை வேண்டும்.