பத்து நாள் எங்கே போயிற்று?

சென்ற மாசியில் ஆலந்தலைக்குப் போயிருந்தேன். திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள கடலோரக் கிராமம். நண்பர் வீட்டுத் திண்ணையில் அவருடைய மகன் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லீவில் வந்த இடத்திலும் வேலை அவனை விடவில்லை. என்ன வேலை என்று விசாரித்தேன்.

இன்ன காரியத்தை இன்ன நேரத்தில் செய் என்று இயந்திரத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாமாம். 1970களில் அமெரிக்காவில், பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஏற்பாடு. 'க்ரான்' என்று பெயர். நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டங்கள். அவற்றைப் படித்து, அடுத்த முறை அந்த வேலை எப்போது வரும் என்று கணக்கிட்டுச் சொல்வதற்கு லைப்ரரிகள் இருக்கின்றன. ஒருவர் எழுதி மூட்டையாகக் கட்டி வைப்பார். ஊர் உலகமெல்லாம் அதை எடுத்துத் தங்கள் வேலையில் சேர்த்துக்கொள்ளும். அப்படி ஒரு மூட்டையைத்தான் பையன் புதுப்பித்துக் கொண்டிருந்தான்.

அதில் ஒரு கோளாறு. பிப்ரவரி 29ஆம் தேதி வேலை என்று குறித்தால், அது நாலு வருஷத்துக்கு மேல் தேடாது. 2100 லீப் வருஷம் அல்ல. ஆகவே 2096க்கு அடுத்த பிப்ரவரி 29, 2104இல்தான் வரும். இந்த எட்டு வருஷ இடைவெளி பழைய கணக்குக்குத் தெரியாது.

"திருத்தப் பத்து நிமிஷம் போதும் மாமா. பழசை நம்பி வேலை ஓட்டுறவங்களுக்கு ஒண்ணும் உடையாம மாத்தணுமே, அதுதான் பெரும்பாடு" என்றான்.

வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நண்பர் நிமிர்ந்தார். "ஏலே, ஈஸ்டர் என்னைக்குன்னு உன் பெட்டி சொல்லுமா?"

"இந்த அஞ்சு கட்டத்துல எழுத முடியாதுப்பா. நெலாவுக்கு இதுல கட்டம் கெடையாது."

அந்தக் கேள்வி எனக்கு ஒரு பழைய கதையை நினைவுபடுத்திவிட்டது. மார்ச் 21 அன்றோ அதன் பின்னோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். ஆனால் ஜூலியஸ் சீஸர் காலத்து வருஷக் கணக்கு சூரியனைவிடச் சுமார் பதினொரு நிமிஷம் நீளம். அற்ப நிமிஷந்தானே என்று விட்டதில், பதினாறாம் நூற்றாண்டில் இரவும் பகலும் சமமாகும் நாள் மார்ச் 11க்கே வந்து நின்றது. லீலியஸ் என்ற வைத்தியர் திருத்தத்தை வகுத்தார். அது நடப்புக்கு வருமுன் இறந்துபோனார். க்ளாவியஸ் என்ற சேசு சபைக் குருவானவர் அதை விளக்கி நிலைநாட்டினார். போப் பதின்மூன்றாம் கிரகோரி உத்தரவிட்டார். 1582 அக்டோபர் 4, வியாழக்கிழமை. மறுநாள் அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை. கிழமை முறியவில்லை, தேதியில் மட்டும் பத்து நாள் காணாமற் போயிற்று. ஸ்பெயினில் அவிலா தெரேசம்மாள் காலமானது அந்த இரவில்தான். அவர் திருநாள் இன்றும் அக்டோபர் 15.

இந்த முத்துக்குளித்துறைப் பரதவர்கள் மதம் மாறி அப்போது அரை நூற்றாண்டு ஆகவில்லை. இங்கே போர்த்துக்கீசியர் ஆதிக்கம். போர்த்துகல் குறித்த நாளிலேயே மாறிவிட்டது. ஆனால் செய்தி கப்பலேறி லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு வரவே சுமார் ஆறு மாதம் பிடிக்கும் காலம் அது. இடைப்பட்ட மாதங்களில் இங்குள்ளவர்கள், தாய்நாட்டில் செத்துப்போன கணக்கில் நல்ல மனசோடு திருநாள் கொண்டாடியிருப்பார்கள். அவர்கள் மேல் என்ன குற்றம்?

வேண்டுமென்றே மாறாதவர்களும் உண்டு. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்களுடைய ஹாலந்து மாகாணம் புதுக் கணக்குக்கு முன்பே மாறியிருந்தது. இங்கிலீஷ்காரரோ போப் சொன்னதை நாம் கேட்பதா என்று 1752 வரை முரண்டு பிடித்தார்கள். ஆகவே தூத்துக்குடியில் டச்சுக் குமாஸ்தா 20ஆம் தேதி என்று எழுதிய அதே நாளில், சென்னைக் கோட்டையில் இங்கிலீஷ்க் குமாஸ்தா 10ஆம் தேதி என்று எழுதினார். ஒரே கடற்கரை, ஒரே சூரியன், இரண்டு தேதி! ருஷ்யா 1918இலும் கிரீஸ் 1923இலும்தான் மாறின. ஒரே இரவில் திருந்திய கணக்கு ஊர் சேர முந்நூற்று நாற்பது வருஷம் ஆயிற்று.

நாம் மட்டும் என்ன வாழ்ந்தோம்? மேகநாத் ஸாஹா தலைமையில் 1952இல் அமைந்த குழு நம் பஞ்சாங்கங்களை ஆராய்ந்தது. 1957 மார்ச் 22இல் சர்க்கார் தேசியக் காலண்டரைக் கொண்டுவந்தது. கணக்கில் அதற்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைப் பார்த்துக் கல்யாணம் வைத்தவரை நான் கண்டதில்லை. பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிடலாமா? தாத்தா திதியும் ஊர்த் திருவிழாவும் பழைய கணக்கில் கட்டுண்டு கிடக்கின்றன. அவற்றை அவிழ்த்து மறுபடி கட்டித் தருகிறவர் வராவிட்டால் யார் மாறுவார்கள்?

இதைப் பையனிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டு மறுபடி தட்டச் சாய்ந்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையை முடித்துவிட்டுக் காட்டினான். திருத்தம் நாலே வரி. அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அவன் எழுதிய விளக்கம் இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்தையும், அப்பாவுக்குப் புரிகிறதா என்று நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினான்.