ஷாக் அடிக்காத பிளாஸ்டிக், கரன்ட் கடத்தியது எப்படி?

ஒயர் மேல பிளாஸ்டிக் உறை எதுக்குன்னு கேட்டா, 'ஷாக் அடிக்காம இருக்கத்தான்'னு சின்னப் பசங்களும் சொல்லிடுவாங்க. ஆனா, மின்சாரத்தைக் கடத்துற பிளாஸ்டிக்கும் இருக்கு!

தவறில் பிறந்த படலம்

ஜப்பானில் ஹிடெகி ஷிரகாவாவின் ஆய்வகத்தில் பாலிஅசிட்டிலீன் தயாரித்தபோது, வினையூக்கியைத் தவறுதலாக ஆயிரம் மடங்கு அதிகமாகச் சேர்த்துவிட்டார்கள். கிடைத்தது, வெள்ளி போல மின்னும் படலம். அதைக் கேள்விப்பட்ட ஆலன் மெக்டயர்மிட், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு அவரை அழைத்தார். ஆலன் ஹீகரும் இணைந்தார். படலத்தில் அயோடின் ஆவி பட்டதும், மின்கடத்தும் திறன் சுமார் ஒரு கோடி மடங்கு எகிறியது. 1977-ல் வெளியான இந்த ஆய்வுக்காக, மூவருக்கும் 2000-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அயோடின் என்ன செய்தது?

ஹவுஸ்ஃபுல் தியேட்டர்ல யாரும் சீட் மாற முடியாது. சிலர் எழுந்து போயிட்டா? பக்கத்துல இருக்கிறவர் நகர்ந்து உட்காரலாம், அவர் இடத்துக்கு அடுத்தவர் வரலாம். பாலிஅசிட்டிலீன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி இருக்கும். அயோடின் சில எலெக்ட்ரான்களை வெளியே இழுத்துவிட, மீதி எலெக்ட்ரான்கள் அந்தச் சங்கிலி வழியே நகர ஆரம்பிக்கின்றன. இதற்குப் பெயர் 'டோப்பிங்'.

எங்கெல்லாம் பயன்படுது?

பாலிஅசிட்டிலீன் காற்று பட்டாலே கெட்டுப்போகும். அதனால், இன்று அதிகம் பயன்படுவது 'பெடாட்-பிஎஸ்எஸ்'. தண்ணீரில் கலந்து, மை மாதிரி பூசலாம், அச்சிடலாம். ஃபோட்டோ ஃபிலிமில் நிலைமின்சாரம் சேராமல் தடுக்கும் பூச்சாக இருந்தது. கெப்பாசிட்டர்களிலும் இருக்கிறது.

டச் ஸ்கிரீன்களில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்தியாக இருப்பது இண்டியம் டின் ஆக்ஸைடு. வளைச்சா விரிசல் விட்டுடும். அதனால்தான் வளையும் திரை, வளையும் சோலார் செல் ஆராய்ச்சிகளில் பெடாட்டுக்கு மவுசு.

தாமிரத்துக்கு மாற்றா?

இல்லை. தாமிரம் அளவுக்கு இது கடத்தாது. ஈரப்பதமும் இதைப் பாதிக்கும். வீட்டு ஒயரிங்குக்கு ஆகாது. இதோட பலம் வேற. கருவிக்குள் ஓடுவது எலெக்ட்ரான், நம் உடம்புக்குள் சிக்னல் போவது அயனிகள் மூலம். பெடாட்டுக்கு ரெண்டும் ஒத்துவரும். மூளையின் சிக்னலைப் பதிவுசெய்யும் நுண்ணிய உலோக மின்முனைகள் மேல் இதைப் பூசினால், மின்தடை குறைந்து, மெல்லிய சிக்னலும் தெளிவாகக் கிடைக்கிறது.