தரையில் விரித்த மெத்தைகள்

சின்ன வயதில் தாத்தாவின் முதுகில் ஏறி மிதித்திருக்கிறீர்களா? வயல் வேலை முடித்து வந்து திண்ணையில் குப்புறப் படுத்துக்கொள்வார். 'ஏறி மிதிடா ராசா' என்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் நடைபோட வேண்டும். கூலி, ஒரு கமர்கட்டு.

ஏறக்குறைய இதே காட்சியைப் பார்த்து ஒரு பிரெஞ்சுக்காரர் அசந்துபோயிருக்கிறார். பார்த்த இடம் சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து. வருடம் 1687. பதினான்காம் லூயி மன்னரின் தூதராக அங்கே போன சிமோன் து ல லூபேர், திரும்பி வந்து 1691ல் ஒரு புத்தகம் போட்டார். அந்த ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால், முதல் காரியமாகக் கைதேர்ந்த ஆள் ஒருவரை அழைத்து உடம்பு முழுக்கப் பிசைந்துவிடச் சொல்கிறார்கள், அந்த ஆள் நோயாளியின் மேலேயே ஏறி மிதிக்கிறார் என்று அதில் எழுதி வைத்தார். வெர்சேல்ஸ் அரண்மனையில் இதைப் படித்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

இன்று பாங்காக்கில் இறங்கினால் தெருவுக்கு நாலு மசாஜ் கடை. ஒரு மணி நேரத்துக்கு 300 பாட் வாக்கில் ஆகும். கட்டில் கிடையாது. தரையில் வரிசையாக மெத்தை. தொளதொளவென்று ஒரு பருத்திச் சட்டை, நாடா வைத்த கால்சட்டை. எண்ணெய் கிடையாது, உடை மாற்றுவதோடு சரி, கழற்றுவது என்ற பேச்சே இல்லை. பக்கத்து மெத்தையில் ஒரு ஜெர்மன்காரர் குறட்டை விடுவார். அந்தப் பக்கம் உள்ளூர் டாக்ஸி டிரைவர் ஒருவர் 'ஆ, ஊ' என்பார். எல்லாம் ஒரே கூடத்தில், எல்லார் கண்ணுக்கும் முன்னால்.

இந்தக் கூடம்தான் நம் கதை. மெத்தைகளுக்கு நடுவே ஏன் சுவர் இல்லை? இடப் பற்றாக்குறை, சிக்கனம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வித்தையைச் சுவர்களுக்குள் பூட்டுகிற முயற்சி ஒன்றுக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது. இரண்டு தடவையும் அது பூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்ததற்குக் காரணம், ஒரு கோயில்.

முதல் பூட்டு அரண்மனைப் பூட்டு. அயுத்தியா காலத்துச் சட்டங்களைப் பார்த்தால், மன்னருக்கு மசாஜ் செய்ய வலது, இடது என்று தனித்தனி இலாகாவே இருந்திருக்கிறது. அதிகாரிகளுக்குப் பட்டம், பதவி எல்லாம் உண்டு. அரச உடம்பில் முழங்காலையோ பாதத்தையோ வைக்க முடியுமா? கையாலும் கட்டைவிரலாலும் மட்டும்தான் அழுத்தலாம். கிட்டே போவதற்கே முழங்காலில் நகர்ந்து போக வேண்டும். ஊர்ப்பக்கத்து மசாஜுக்கு இந்த மரியாதையெல்லாம் இல்லை. முழங்கை, முழங்கால், பாதம், எது வசதியோ அது. நடவும் அறுப்பும் முடிந்து இடுப்பு விட்டுப்போனவனுக்கு நாசூக்கு எதற்கு?

அரண்மனை வித்தை ஓலைச்சுவடியிலும் வைத்தியர்களின் மண்டையிலும் இருந்தது. 1767 ஏப்ரலில் பர்மியப் படை அயுத்தியாவுக்குள் புகுந்து கொளுத்தியது. சுவடிகளும் எரிந்தன, வைத்தியர்களும் சிதறினார்கள். ஒரு நாட்டின் மருத்துவ அறிவில் பெரும்பங்கு காணாமல் போவதற்கு ஒரு முற்றுகை போதுமாக இருந்தது.

இந்த இழப்பு அடுத்து வந்த சக்ரி வம்சத்து ராஜாக்களை விடாமல் உறுத்தியிருக்க வேண்டும். 1782ல் பாங்காக்கைத் தலைநகராக்கிய முதலாம் ராமா, அரண்மனைக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய கோயிலைப் புதுப்பித்தார். அதுதான் வாட் போ. 46 மீட்டர் நீளத்துக்குப் பொன்மேனியாகப் படுத்திருக்கும் புத்தர் இருக்கிறாரே, அந்தக் கோயில். ஆனால் அந்தப் புத்தரைப் படுக்க வைத்தவர் மூன்றாம் ராமா.

மூன்றாம் ராமா (ஆட்சிக்காலம் 1824-1851) கொஞ்சம் வித்தியாசமான ஆசாமி. இளவரசராக இருந்தபோதே சீனாவோடு கப்பல் வியாபாரம் செய்து நாலு காசு பார்த்தவர். வியாபாரிக்கு ஒரு புத்தி உண்டு. சரக்கு ஒரே கிடங்கில் இருந்தால் ஆபத்து என்று அவனுக்குத் தெரியும். 1832ல் கோயிலைப் புதுப்பிக்க ஆரம்பித்தார். பதினாறு வருஷத்துக்கும் மேல் வேலை நடந்தது. வெறும் கோபுரம், கலசம் என்று நிறுத்திக்கொள்ளவில்லை. நாட்டில் யாருக்கு என்ன தெரியுமோ, எல்லாவற்றையும் திரட்டிக் கல்லில் வெட்டச் சொன்னார். வைத்தியம், வரலாறு, இலக்கியம், நீதிமொழி எல்லாம். இன்றைக்கு எண்ணினால் 1,431 கல்வெட்டுகள். 2011ல் யுனெஸ்கோ இவற்றை 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்த்தது.

அவற்றில் 60 பலகைகள் மசாஜுக்கு மட்டும். பாதிப் பலகைகளில் உடம்பின் முன்பக்கம், பாதியில் பின்பக்கம். உடம்பெங்கும் கோடுகள், கோடுகளில் புள்ளிகள், எந்தப் புள்ளியை அழுத்தினால் எந்த வலி போகும் என்று ஓரத்தில் குறிப்பு.

அந்தக் கோடுகளின் பெயர்களைக் கேளுங்கள். இத்தா, பிங்கலா, சுமனா... காதில் எங்கேயோ மணி அடிக்கிறதா? இடகலை, பிங்கலை, சுழுமுனை! நம் சித்த வைத்தியம் பத்து நாடிகள் என்கிறது, அவர்களும் முக்கியக் கோடு பத்து என்கிறார்கள். மொத்தம் எழுபத்திரண்டாயிரம் என்கிற கணக்கும் ஒன்றே. இந்தியாவிலிருந்து கடல் தாண்டிப் போன சரக்கு, அங்கே உள்ளூர் மண்ணில் வேறு மாதிரி வளர்ந்திருக்கிறது. வகுப்பு தொடங்கும் முன் அவர்கள் கும்பிடுகிற ஆதிகுரு 'சிவகோ கோமாரபச்', சாட்சாத் புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகர்தான். (இந்தக் கோடுகளை உடற்கூறு மேஜையில் அறுத்துத் தேடினால் கிடைக்காது. அது வேறு விஷயம். பிடித்துவிட்டால் வலி குறைகிறதா என்று கேட்டால், குறைகிறது.)

பிடித்துவிட ஆளில்லாதவன் என்ன செய்வான்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. 1836ல் 80 முனிவர் சிலைகள். தன் உடம்பைத் தானே முறுக்கி, இழுத்து வலியைப் போக்கிக்கொள்ளும் நிலைகள். 'ருசி தத்தோன்' என்று பெயர். ருசி என்றால் நம் ரிஷி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு, சிலவற்றை ராஜாவே எழுதினார். துத்தநாகமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த சிலைகள். இன்றைக்கு மிச்சமிருப்பவை இருபத்துச் சொச்சம்தான். கல் நின்றது, உலோகம் நிற்கவில்லை.

இதே காலத்தில், 1835ல், டான் பீச் பிராட்லி என்கிற அமெரிக்க மிஷனரி டாக்டர் பாங்காக்குக்கு வந்து, கொஞ்ச காலத்தில் அச்சு வேலையும் தொடங்கினார். காகிதம் வாசலுக்கு வந்த நேரத்தில் ராஜா கல்லில் வெட்டிக்கொண்டிருந்தார்! பழமை என்று சிரிக்கலாம். ஆனால் அயுத்தியா எரிந்ததைப் பெரியவர்கள் வாயால் கேட்டு வளர்ந்தவர் அவர்.

எல்லோருக்கும் பொது என்றாலும் ஒன்றை மறைக்கக்கூடாது. அன்றைக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது புத்த மடங்கள். மடத்தில் படித்தவர்கள் பையன்கள். ஆக, கல்வெட்டு திறந்த மண்டபத்தில் இருந்தாலும் பெரும்பாலான பெண்களுக்கு அது மூடிய புத்தகம்தான். இன்றைக்கு அதே கோயிலிலும் தெருக்கடைகளிலும் முழங்கையை ஊன்றி அழுத்துபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அடுத்த பூட்டு இவர்கள் மேல்தான் விழுந்தது.

1923ல் வந்த மருத்துவச் சட்டம், உரிமம் இல்லாத நாட்டு வைத்தியர்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளியது. அது போதாதென்று வியட்நாம் யுத்தம் வந்தது. தாய்லாந்துத் தளங்களில் அமெரிக்கப் படையினர் உச்சத்தில் 45,000 பேருக்கும் மேல். 1967ல் இன்னொரு ஒப்பந்தம். வியட்நாமில் சண்டை போடுகிற சிப்பாய்கள் ஓய்வுக்கும் உல்லாசத்துக்கும் தாய்லாந்து வரலாம் என்றது அது. அதற்கு முந்தைய வருடமே கேளிக்கை விடுதிகளுக்கென்று ஒரு சட்டம் போட்டு, மதுக்கூடம், நடன விடுதியோடு மசாஜ் விடுதியையும் ஒரே பட்டியலில் வைத்திருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பெண்கள், சட்டையில் நம்பர், உள்ளே தனி அறை, தாழ்ப்பாள். மேலே சொல்ல வேண்டாம், புரிந்திருக்கும். சில வருஷங்களில் உலகம் முழுக்க 'தாய் மசாஜ்' என்றாலே ஒரு கண்சிமிட்டல் சேர்ந்துகொண்டது. தாத்தாவின் இடுப்புவலி வைத்தியத்துக்கு இப்படி ஒரு கெட்ட பெயர்.

வாட் போ அதற்கு முன்பே, 1955ல், தன் வளாகத்தில் பாரம்பரிய மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தது. அந்தக் கல்வெட்டுகளிலிருந்து பாடம். கற்றவர்கள் அங்கேயே மண்டபத்தில் மெத்தை விரித்து, வருகிறவர்களுக்குப் பிடித்துவிட்டார்கள். கதவு இல்லை. பிக்குகள் நடமாடுகிற இடம். அந்தத் திறந்த கூடம் அங்கே வேலை செய்யும் பெண்ணுக்குக் கவசம். அத்து மீறி ஒரு பேச்சு பேசினால் பத்து மெத்தைகள் திரும்பிப் பார்க்கும். வாடிக்கையாளருக்கும் அதே பாதுகாப்பு. தனி அறை இல்லாததால் செலவும் குறைவு, ஆகவே டாக்ஸி டிரைவரும் வர முடிகிறது.

1980களில் தொண்டு அமைப்புகளும் இறங்கின. கிராமத்து ஜனங்கள் மேல்வலிக்குப் பெட்டிக்கடை மாத்திரைகளை அள்ளி விழுங்குவதைப் பார்த்து, 'அதற்குப் பதில் பழைய மசாஜைக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார்கள். பிற்பாடு அரசும் இதைப் பாரம்பரிய மருத்துவத்தின் கிளையாக ஏற்றுக்கொண்டது. 2019 டிசம்பரில் 'நுவாட் தாய்' யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலில் ஏறியது.

சியாங் மாயில் பெண்கள் சிறையின் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. விடுதலைக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் கைதிகள் சீருடையில் வந்து, ஒரே கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து மசாஜ் செய்வார்கள். வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு. தெருவில் போகிற சுற்றுலாப் பயணி ஒருவர், ஜெயில் கைதியிடம் நம்பிக் கழுத்தைக் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போகிறார்!

நீங்கள் போவதாக இருந்தால் ஒன்றிரண்டு விஷயம். இதய நோய், எலும்புத் தேய்மானம், கர்ப்பம் என்று ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழுத்தில் சொடுக்கு எடுக்க வந்தால் வேண்டாம் என்று கை காட்டுங்கள். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள், 'ஜெப்' என்றால் வலிக்கிறது என்று அர்த்தம்.

முடிந்ததும் அந்த அம்மாள் கை கூப்பி வணங்குவார். எழுந்து, வாட் போவின் மருத்துவ மண்டபத்துப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். சற்று முன் உங்கள் தோளில் அவர் கட்டைவிரல் எங்கே அழுத்தியதோ, கிட்டத்தட்ட அதே இடத்தில் கல்மனிதனின் தோளிலும் ஒரு புள்ளி இருக்கும்.